மூன்று அனார்கலிகள்

ஃபிலிமிஸ்தான் நிறுவனத்தின் ‘அனார்கலி’ 1953இல் திரைக்கு வந்தபோது தேசம் முழுக்க சி. ராம்சந்திராவின் பாட்டுகளை முணுமுணுத்தது. அனார்கலியாக பீனா ராய். இளவரசன் சலீமாக பிரதீப் குமார். (இரண்டு வருடம் கழித்து வந்த அஞ்சலி தேவியின் அனார்கலிதான் தமிழர்களுக்கு நெருக்கம்.) படத்தில் மகனுக்கும் கணவருக்கும் நடுவில் அகப்பட்டுத் தவிக்கும் பட்டத்து ராணி ஜோதாபாயாக நடித்தவருக்கு அப்போது வயது 46. கனத்த உடல், களைத்த கண்கள். டைட்டிலில் அவர் பெயர் சுலோசனா.

தியேட்டரில் கைதட்டியவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்திருக்காது. மீதிப் பேர் அவரைப் பார்த்துச் சற்று நெளிந்திருப்பார்கள். ஏனென்றால் அவர்களுடைய இளமைக்கால அனார்கலி அவர்தான். 1928இல் வசனமே இல்லாத அனார்கலியாக நடித்தவர். 1935இல் பேசிப் பாடும் அனார்கலியாக மறுபடியும் நடித்தவர். மூன்றாவது தடவை அதே கதைக்கு வந்தபோது சுவருக்குள் உயிரோடு வைத்துப் பூசப்படும் பெண்ணின் இடத்தில் வேறொருத்தி நிற்க, இவர் அந்தப்புரத்தில் அழுதுகொண்டிருந்தார். ஒரே பாத்திரத்தை இரண்டு முறை ஆண்டுவிட்டு, மூன்றாவது முறை பக்கத்து அறைக்கு மாறிய நடிகை இந்தி சினிமாவில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

சுலோசனா என்பது சினிமா வைத்த பெயர். பிறப்பில் அவர் ரூபி மையர்ஸ். 1907இல் புனாவில், பாக்தாதி யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இராக்கிலிருந்தும் அக்கம்பக்கத்து அரபு நகரங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து பம்பாய், புனா, கல்கத்தாவில் குடியேறிய சிறு சமூகம் அது. அபின், பருத்தி வியாபாரத்தில் கொழித்த சசூன் குடும்பம் அந்தச் சமூகத்தின் பெருமை. புனாவில் சிவப்புச் செங்கல்லில் கட்டிய யூதக் கோவிலும் சசூன் ஆஸ்பத்திரியும் அவர்கள் விட்டுச்சென்றவை. ஆனால் எல்லா பாக்தாதி யூதர்களும் சசூன்கள் அல்ல. மையர்ஸ் வீட்டுப் பெண் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் ஆனார்.

அந்தக் காலத்து பம்பாயில் ஒரு பெண் கௌரவம் குறையாமல் சம்பாதிக்கக்கூடிய வேலைகளை விரல்விட்டு எண்ணலாம். ஆசிரியை, நர்ஸ், டைப்பிஸ்ட், டெலிபோன் ஆபரேட்டர். கடைசி இரண்டுக்கும் ஆங்கிலம் வேண்டும். ஆகவே அந்த நாற்காலிகளில் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் இயர்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களுக்கு இணைப்புக் கொடுத்து, குரலை மட்டுமே விற்றுப் பிழைக்கிற வேலை. பின்னால் நடந்ததை நினைத்தால் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கோஹினூர் ஃபிலிம் கம்பெனியின் டைரக்டர் மோகன் பவ்நானி, தன் படத்தில் நடிக்க வருமாறு அவரைக் கேட்டார். அவர் மறுத்தார். சினிமாவில் நடிக்கும் பெண் என்றால் ஊர் என்ன சொல்லும் என்பது யூத வீட்டிலும் தெரிந்த விஷயம்தான். பவ்நானி விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு ஒப்புக்கொள்ள வைத்தார். நடிப்பு என்றால் என்னவென்றே தெரியாத பெண், 1925இல் ‘வீர் பாலா’வில் கேமரா முன் வந்து நின்றார்.

பவ்நானி ஏன் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வரை போக வேண்டியிருந்தது? விடை இந்திய சினிமாவின் முதல் படத்திலேயே இருக்கிறது. 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்த தாதா சாகேப் பால்கேவுக்கு தாராமதியாக நடிக்க ஒரு பெண் கிடைக்கவில்லை. தாசிகள் கூட மறுத்துவிட்டார்கள் என்பது பிரசித்தமான கதை. கடைசியில் ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞர் சேலை கட்டிக்கொண்டார். அதே வருடம் பால்கேயின் அடுத்த படத்தில் துர்காபாய் காமத்தும் மகள் கமலாபாயும் நடித்தார்கள். ஆனாலும் அணை உடைந்துவிடவில்லை. இந்து, முஸ்லிம் நடுத்தரக் குடும்பங்கள் கதவை இறுக்கிச் சாத்தியே வைத்திருந்தன.

அந்த வெற்றிடத்தில் நுழைந்தவர்கள் ஆங்கிலோ இந்திய, யூதப் பெண்கள். திரைக்கு வந்ததும் அவர்கள் பெயர் மாறியது. ரெனி ஸ்மித் சீதா தேவி ஆனார். ஐரிஸ் காஸ்பர் சபிதா தேவி ஆனார். எஃபி ஹிப்போலெட் இந்திரா தேவி. ரூபி மையர்ஸ் சுலோசனா. புராணத்துச் சீதையையும் சாவித்திரியையும் மொகலாய இளவரசிகளையும் திரையில் வாழவைத்தது இவர்கள்தான். ரசிகர்கள் கும்பிட்ட தேவிகளில் சிலர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள், சிலர் வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றுகிறவர்கள். யாருக்கும் அது உறுத்தவில்லை. மௌனப் படத்தில் மதமும் உச்சரிப்பும் தெரியாது. முகம் மட்டும்தான் தெரியும். அந்த முகம் வெள்ளையாக இருந்தது கூடுதல் வசதி. இந்தி சினிமாவுக்குச் சிவப்புத் தோலின் மீதுள்ள மோகம் நேற்று வந்த வியாதி அல்ல.

சுலோசனா வந்த வேகம் அவரை அழைத்து வந்தவர்களையே திகைக்க வைத்திருக்க வேண்டும். 1926இல் சந்துலால் ஷா பதினேழே நாளில் எடுத்துமுடித்த ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ பிய்த்துக்கொண்டு ஓடியது. அதில் சுலோசனாவுடன் நடித்த இருவரில் ஒருவர் கோஹர்; பின்னாளில் சந்துலால் ஷாவுடன் சேர்ந்து ரஞ்சித் ஸ்டூடியோவை நடத்தியவர். இன்னொருவர் நம் ஊர்க்காரர், புதுக்கோட்டையிலிருந்து தேகபலத்தை நம்பி பம்பாய் போன பி.கே. நாகலிங்கம் என்கிற ராஜா சாண்டோ. தமிழக அரசின் விருது ஒன்று பின்னாளில் அவர் பெயரால் வழங்கப்பட்டது. விருதை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு, அவர் பம்பாய் மௌனப் படங்களில் ஹீரோவாகக் கொடிகட்டிப் பறந்தவர் என்பது தெரியும்?

‘டைப்பிஸ்ட் கேர்ள்’ என்ற தலைப்பே அன்றைக்குப் புதுமை. அதுவரை திரையில் பெண் என்றால் தேவதை, பத்தினி, அரக்கி. இப்போது ஆபீசுக்குப் போகிற பெண். அடுத்து ‘சினிமா குவீன்’. பிறகு ‘இந்திரா பி.ஏ.’ நகரத்துப் பெண்ணுக்கு இந்திய சினிமாவில் முதலில் கிடைத்த முகங்களில் சுலோசனாவின் முகமும் ஒன்று. அவர் நடித்த பெண்கள் வேலைக்குப் போனார்கள், படித்தார்கள், காதலித்தார்கள். அவர்களை ரசித்த ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்களைப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்தியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இதில் உச்சம் 1927இல் வந்த ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’. ஒரே படத்தில் எட்டு வேடம். தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருப் பொறுக்கிப் பையன், வாழைப்பழம் விற்கும் கிழவி, பொன்னிறக் கூந்தல் ஐரோப்பியப் பெண், ஜேப்படித் திருடி என்று மாறி மாறி வந்தார். ‘நவராத்திரி’யில் சிவாஜி ஒன்பது வேடம் கட்டியதற்கு முப்பத்தேழு வருடம் முந்திய சமாச்சாரம். அதுவும் ஒரு பெண், ஆண் வேடங்கள் உள்பட. பதினான்கு வருடத்துக்கு முன்னால் தாராமதிக்கு மீசையை மழித்துக்கொண்ட ஆணைத் தேடிய சினிமா இது. இப்போது ஒரு பெண் போலீஸ்காரருக்கு மீசை ஒட்டிக்கொண்டு நின்றார்.

அதே வருடம் தாகூரின் ‘விசர்ஜன்’ நாடகத்தை வைத்து நவல் காந்தி எடுத்த ‘பலிதான்’ வந்தது. சுலோசனா, சுபேதா, மாஸ்டர் விட்டல் மூவரும் அதில் இருந்தார்கள். கோவிலில் உயிர்ப்பலி கூடாது என்ற கதை. அப்போது பிரிட்டிஷ் அரசு இந்திய சினிமா பற்றி ஆராய ஒரு கமிட்டி போட்டிருந்தது. அதன் தலைவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். இந்தியர்களாலும் தரமான படம் எடுக்க முடியும் என்பதற்குக் கமிட்டி கண்ட உதாரணங்களில் ‘பலிதான்’ ஒன்று.

கோஹினூரிலிருந்து சுலோசனா அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனிக்கு மாறினார். டைரக்டர் ஆர்.எஸ். சௌத்ரி. 1928இல் ‘மாதுரி’யும் ‘அனார்கலி’யும். ‘அனார்கலி’ எடுக்கப்பட்டதே ஒரு பந்தயத்தில்தான். லாகூரில் இம்தியாஸ் அலி தாஜ் எழுதிய நாடகத்தை வைத்து கிரேட் ஈஸ்டர்ன் கம்பெனி பெரும் பொருட்செலவில் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தது. அதில் அனார்கலி சீதா தேவி. விஷயம் காதில் விழுந்ததும் இம்பீரியல் அவசரம் அவசரமாகத் தன் படத்தை முடித்து முந்திக்கொண்டு வெளியிட்டது. ரூபி மையர்ஸுக்கும் ரெனி ஸ்மித்துக்கும் நடந்த இந்தப் போட்டியில் ரூபி ஜெயித்தார். கதை திருட்டு, அவசரத் தயாரிப்பு, போட்டி ரிலீஸ் என்று இன்றைய கோடம்பாக்கம் அலுத்துக்கொள்ளும் எல்லாமே அப்போதே அமர்க்களமாக நடந்திருக்கின்றன.

அவர் புகழுக்கு ஒரு அளவுகோல் சொல்வார்கள். மகாத்மா காந்தி கதர்க் கண்காட்சி ஒன்றைத் திறந்துவைக்கும் செய்தித் துணுக்கு திரையிடப்பட்டபோது, அதோடு சேர்த்து ‘மாதுரி’யில் சுலோசனா ஆடிய நடனத்தையும் ஒலி சேர்த்துக் காட்டினார்கள். காந்திக்குக் கூட்டம் சேர்க்க சுலோசனாவா, சுலோசனாவுக்கு மரியாதை சேர்க்க காந்தியா என்று யோசிக்கலாம். சினிமாவை விரும்பாத காந்திக்கு இது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றும் யோசிக்கலாம்.

இன்னொரு அளவுகோல் சம்பளம். மாதம் ஐயாயிரம் ரூபாய் வாங்கினார் என்கிறார்கள். அது பம்பாய் கவர்னரின் சம்பளத்தைவிட அதிகம் என்ற வாசகம் ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் சரிபார்த்தால் ஆட்டம் காண்கிற வாசகம். 1919ஆம் வருட இந்திய அரசுச் சட்டம் பம்பாய் கவர்னருக்கு ஆண்டுக்கு ரூ. 1,28,000 வரை கொடுக்கலாம் என்றது. 1935ஆம் வருடச் சட்டம் அதை ரூ. 1,20,000 என்று நிர்ணயித்தது. அதாவது மாதம் பத்தாயிரம். கவர்னரில் பாதிதான் சுலோசனா. ஆனால் அந்தப் பாதியே சாதாரண விஷயமில்லை. குமாஸ்தாக்கள் சில பத்து ரூபாயில் குடும்பம் நடத்திய நாளில், ஒரு டெலிபோன் ஆபரேட்டர் பத்தே வருடத்தில் லாட் துரையின் சம்பளத்தில் பாதியைத் தொட்டார். ஊர் வாய் அதை இரண்டு மடங்காக்கிவிட்டது. பொய்தான். ஆனால் எந்த ஊரும் இப்படிப்பட்ட பொய்யை எல்லோருக்கும் சொல்லிவிடாது.

மௌனப் படத்துக்கு இருந்த ஒரு சௌகரியத்தை இன்று நாம் மறந்துவிட்டோம். வசன அட்டைகளை நான்கு மொழியில் எழுதி ஒட்டினால் படம் எந்த ஊரிலும் ஓடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று உள்ளூர் பாஷையில், உள்ளூர் நையாண்டியோடு கதை சொல்வார். ஆகவே சுலோசனா லாகூரில் பஞ்சாபி பேசினார், கல்கத்தாவில் வங்காளி பேசினார், சென்னையிலும் மதுரையிலும் தமிழ் பேசினார். ஒரு வார்த்தையும் பேசாமலே. ‘பான் இந்தியா நட்சத்திரம்’ என்று இப்போது விளம்பரம் செய்கிறார்களே, அது நூறு வருடத்துக்கு முன் சர்வசாதாரணமாக இருந்த சங்கதி. அதை முடித்துவைத்தது ஒலி.

முடித்துவைத்தவர் வேறு யாருமல்ல, சுலோசனாவின் சொந்த முதலாளி. அர்தேஷிர் இரானி 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் ‘ஆலம் ஆரா’வை வெளியிட்டார். இம்பீரியல் ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை. பகலில் ரயில் சத்தத்தை மைக் பிடித்துக்கொள்ளும். அதனால் நள்ளிரவுக்கு மேல், ரயில் ஓடாத நேரத்தில் படம் பிடித்தார்கள். பின்னணிப் பாடல் என்ற ஏற்பாடு இன்னும் வரவில்லை. நடிக்கிறவர்தான் பேச வேண்டும், நடிக்கிறவர்தான் பாட வேண்டும்.

கம்பெனியின் மிகப் பெரிய நட்சத்திரம் சுலோசனா. இரானி தேர்ந்தெடுத்ததோ சுபேதாவை. சச்சின் நவாபுக்கும், இந்தியாவின் முதல் பெண் டைரக்டர் ஃபாத்மா பேகத்துக்கும் பிறந்தவர். வீட்டு மொழியே உருது. ‘பலிதா’னில் சுலோசனாவோடு நடித்த அதே சுபேதா. ரூபி மையர்ஸின் வீட்டு மொழி ஆங்கிலம். ஹிந்துஸ்தானியில் நாலு வார்த்தை கோர்வையாகச் சொல்ல அவருக்கு வராது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குரலை விற்றுப் பிழைத்தவருக்கு, முகத்தை விற்கும் தொழிலில் குரல் காலை வாரிவிட்டது.

அவர் தனியாக விழவில்லை. ‘ஆலம் ஆரா’வின் கதாநாயகன் மாஸ்டர் விட்டல் மௌனப் பட சண்டை ஹீரோ. ஷாரதா கம்பெனி ஒப்பந்தத்தை விட்டுவிட்டு வந்தார் என்று அவர் மீது வழக்குப் போட, அவருக்காக வாதாடி ஜெயித்தவர் முகமது அலி ஜின்னா. அப்படிக் கோர்ட் வரை போய் மீட்டுவந்த நாயகனுக்கும் உருது உச்சரிப்பு சரிவரவில்லை. படத்தில் பல காட்சிகளில் அவரை மயக்க நிலையில் வைத்துவிட்டார்கள். இந்தியாவின் முதல் பேசும் படத்தின் கதாநாயகன் அதிகம் பேசாதவர். அதன் பிறகு விட்டல் மராத்திப் படங்களில் சின்னச் சின்ன வேடங்களுக்கு இறங்கிவிட்டார்.

அதே இம்பீரியல் கம்பெனியிலிருந்துதான் அதே 1931 அக்டோபர் கடைசியில் எச்.எம். ரெட்டியின் ‘காளிதாஸ்’ சென்னைக்கு வந்தது. தமிழின் முதல் பேசும் படம். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பேசினார். தமிழ் ரசிகர்கள் புல்லரித்துப் போனார்கள். தங்கள் மொழி பேசும் ஒரு நட்சத்திரம் கிடைத்த அந்த நாளோடு சுலோசனா அவர்களுக்கு வடக்கத்தி நடிகை ஆகிவிட்டார். ஒரே ஸ்டூடியோ தன் ராணியின் ராஜ்ஜியத்தை மொழிவாரியாகப் பிரித்துக் கொடுத்தது. அரசாங்கம் அந்தக் காரியத்தைச் செய்ய இன்னும் கால் நூற்றாண்டு ஆகவேண்டியிருந்தது.

வேறு ஒருவராக இருந்தால் கல்யாணம் செய்துகொண்டு ஒதுங்கியிருப்பார். சுலோசனா படிக்க உட்கார்ந்தார். நடிப்பைக் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டு ஹிந்துஸ்தானி கற்றுக்கொண்டார். நாட்டின் முன்னணி நடிகை, அட்சரத்திலிருந்து ஆரம்பிப்பது லேசான காரியமல்ல. 1932இல் திரும்பி வந்தார். எதைக் கொண்டு திரும்பினார் என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. தன் பழைய வெற்றியான ‘மாதுரி’யையே பேச வைத்தார். ஜனங்களுக்குக் கதை தெரியும், முகம் தெரியும். புதிதாகக் கேட்க வேண்டியது குரலை மட்டும்தான்.

அது பலித்தது. அடுத்தடுத்து அதே சூத்திரம். 1929இல் பி.ஏ.வாக இருந்த இந்திரா 1934இல் எம்.ஏ. ஆனாள். (ஐந்து வருடத்தில் மேல்பட்டம், நியாயமான இடைவெளிதான்.) ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு வந்த பெண், அப்பா பார்த்த பிள்ளையை விட்டுவிட்டு மேல்நாட்டு மோகம் பிடித்த ஒருவனைக் கட்டிக்கொண்டு, பிறகு விவாகரத்து வரை போகும் கதை. டைரக்டர் நந்தலால் ஜஸ்வந்த்லால். 1935இல் இரண்டாவது ‘அனார்கலி’. 1936இல் ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’ மறுபிறவி எடுத்து ‘பம்பாய் கி பில்லி’ ஆனது. முதல் வருகையில் ஜெயித்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசு தட்டி இரண்டாவது வருகையிலும் ஜெயித்தார். விட்டலுக்கும் இன்னும் பலருக்கும் தோன்றாத, தோன்றினாலும் முடியாத வேலை இது.

இந்தக் காலத்து ஜோடி டி. பிலிமோரியா. பார்சிக்காரர். ஹாலிவுட்டின் ஜான் பாரிமோர் சாயலில் உடுத்திக்கொண்டு, சுலோசனாவின் ‘காதல் ராணி’ பட்டத்துக்குப் பொருத்தமாக அமைந்தார். 1933 முதல் 1939 வரை இருவரும் ஒருவருக்கொருவர் மட்டுமே ஜோடி. திரைக்கு வெளியேயும் ஜோடிதான் என்று பம்பாய் பேசியது. சுலோசனா 1935 மாடல் செவர்லே காரில் வந்து இறங்கினார். ‘ரூபி பிக்ஸ்’ என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். அதற்குச் சுலோசனா பெயரை வைக்காமல், சினிமா பறித்துக்கொண்ட தன் பழைய பெயரை வைத்தார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

ஆனால் சூத்திரத்துக்கும் ஆயுள் உண்டு. பழைய படங்கள் தீர்ந்துபோயின. 1938இல் இம்பீரியல் இழுத்து மூடப்பட்டது. பாம்பே டாக்கீஸில் தேவிகா ராணி வந்துவிட்டார்: தாகூர் உறவு, லண்டன் படிப்பு, சுத்தமான குலப்பெருமை. ‘குடும்பப் பெண்கள் வர மறுத்த தொழில்’ என்ற நிலை மாறிக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்கு மொழியும் இருந்தது, பாட்டும் இருந்தது. யாரும் வராத நேரத்தில் வந்து இடத்தை நிரப்பிய ஆங்கிலோ இந்திய, யூதப் பெண்களுக்கு நன்றி சொல்ல எவருக்கும் நேரமில்லை. 1939இல் ‘பிரேம் கி ஜோத்’ வந்தது. பிலிமோரியாவுடனான ஜோடி அதோடு முறிந்தது. இருவர் மார்க்கெட்டும் அதோடு சரிந்தது. தேசம் விடுதலை அடையும்போது சுலோசனாவுக்கு வயது 40. இந்தி சினிமாவில் நடிகைக்கு அது அறுபது.

1947இல் ‘ஜுக்னு’ வந்தது. திலீப் குமாரும் நூர்ஜஹானும் நடித்த காலேஜ் காதல் கதை. சுலோசனாவுக்கு ஒரு நடுவயதுப் பெண்ணின் வேடம். அவர் மீது வயதான புரொபசர் ஒருவருக்கு ஆசை வருகிறது. பம்பாய் அரசு படத்தைத் தடை செய்தது. உள்துறை மந்திரி மொரார்ஜி தேசாய். ஆசிரியர்கள் காதல்வசப்படுவதாகக் காட்டினால் கல்விச்சாலைகளின் ஒழுக்கம் கெடும் என்பது வாதம். இளம் ஜோடியின் காதலைவிடக் கிழ ஜோடியின் சரசம்தான் சர்க்காரை அதிகம் கலங்கடித்தது. சுலோசனாவின் முகத்துக்கு இன்னும் அவ்வளவு சக்தி இருக்கிறது என்று மொரார்ஜி தேசாய் கொடுத்த நற்சாட்சிப் பத்திரமாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு அம்மா, பாட்டி வேடங்கள். 1953இன் ‘அனார்கலி’யில் ஜோதாபாய் வேடத்துக்கு அவரை அழைத்தது வேறு யாரோ அல்ல, ‘இந்திரா எம்.ஏ.’ எடுத்த அதே நந்தலால் ஜஸ்வந்த்லால். பழைய மரியாதையா, பிரிக்க முடியாத விளம்பரமா, ஒரு டைரக்டரின் குறும்பா என்பது அவரவர் யூகம். அரைக் காசுக்கு ஆன உதவி என்று கொள்வதில் தவறில்லை. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு, கேட்ட வேடத்தைச் செய்தார். பாசு சட்டர்ஜியின் ‘கட்டா மீட்டா’வில், எழுபது வயதில், பார்சிக் கூட்டத்தின் நடுவே அவரைப் பார்க்கலாம். இதற்குள் பெயரும் கைவிட்டுப் போயிருந்தது. மராத்தியிலிருந்து வந்த சுலோசனா லாட்கர் இந்திப் படங்களின் நிரந்தர அம்மாவாகிவிட, மூத்தவர் டைட்டிலில் ‘சீனியர்’ என்று அடைமொழி போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்றைக்கும் ஒருவர் படத்தை இன்னொருவர் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். லாட்கர் 2023இல், 94 வயதில் காலமானபோதும் அந்தக் குழப்பம் தீரவில்லை.

1973ஆம் வருடத்துக்கான தாதா சாகேப் பால்கே விருது ரூபி மையர்ஸுக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற ஐந்தாவது நபர், இரண்டாவது பெண். முதல் பெண் தேவிகா ராணி. நடிக்கப் பெண் கிடைக்காமல் தவித்தவரின் பெயரால் தரும் விருது அறுபது வருடம் கழித்து ஒரு டெலிபோன் பெண்ணிடம் வந்து சேர்ந்தது. விருது வந்ததே தவிர வேடங்கள் பெரிதாகவில்லை. 1983 அக்டோபர் 10 அன்று பம்பாயில் தன் ஃபிளாட்டில் இறந்தார். வயது 76.

அவர் எப்படி நடித்தார்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் சிரமம். இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்கள் 1,300க்கு மேல். முழுதாகவோ துண்டு துக்காணியாகவோ மிஞ்சியவை முப்பது தேறினால் அதிகம். பேசும் படம் வந்ததும் இவை குப்பையாயின. நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும். வைத்துக் காக்க யாருக்கும் பொறுமையில்லை. ஃபிலிமில் உள்ள வெள்ளிக்காக எடைக்குப் போட்டு உருக்கினார்கள். அந்த வெள்ளி யார் வீட்டுக் கொலுசானதோ, கிண்ணமானதோ. சுலோசனாவை உச்சிக்கு ஏற்றிய ‘டைப்பிஸ்ட் கேர்ள்’, எட்டு வேட ‘வைல்ட்கேட்’, காந்திக்குத் துணைபோன ‘மாதுரி’ எதையும் இன்று போட்டுப் பார்க்க வழியில்லை. இருப்பவை ஸ்டில்கள். கூர்மையான மூக்கு, கண்ணுக்கு மை, நெற்றியில் சுருண்டு விழும் முடி, கேமராவை நேராகப் பார்க்கும் பார்வை.

1964இல் தொடங்கப்பட்ட தேசிய ஃபிலிம் ஆவணக் காப்பகம் இருப்பது அவர் பிறந்த புனேயில். பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து, பழைய தியேட்டர்காரர்களிடமும் குப்பைக் கிடங்குகளிலும் பொறுக்கிச் சேர்த்த மௌனப் படங்களின் மிச்சம் அங்கேதான் வந்து சேர்ந்தது. அந்த வளாகத்திலும் 2003 ஜனவரியில் தீப்பிடித்து நைட்ரேட் சுருள்கள் எரிந்துபோயின. 2013இல் இந்திய சினிமாவின் நூற்றாண்டுக்காகத் தபால் துறை ஐம்பது தபால்தலைகள் வெளியிட்டது. அதில் ஒன்றில் சுலோசனா இருக்கிறார்.